பார்த்தவர்கள்

நெடுஞ்சாலை கடலில் வந்து முடிகிற ஊர் எங்களுடையது.
கெய்யோன். அதற்கப்பால் மழைதான்.

இரவு இரண்டு பத்துக்கு
சால்மன் ஆலையில் அமோனியா கசிந்தது.
இரண்டு பதினெட்டுக்கு நான் வாசலில் நின்றேன்.
இரவு உடைக்கு மேல் மழைக்கோட்டு,
பேட்டரி முப்பத்தொரு சதவிகிதம்.

முதல் ஸ்டோரி, பதினைந்து நொடி:
சுழலும் சிவப்பு விளக்கு,
சேற்றில் ஒற்றை ரப்பர் பூட்ஸ்,
சட்டகத்துக்கு வெளியே யாரோ இருமுவது.
இரண்டாவதில் என் முகம், மூக்கில் ஈரத்துணி.
"யாரும் கிட்டே வராதீர்கள்" என்கிறேன்
கிட்டே போய்க்கொண்டே.

வானொலியில் வேலை பார்த்த காலத்தில்
இரண்டு வாய் சொல்லாமல் ஒரு வரியும் காற்றில் ஏறாது.
செய்தி ஆசிரியர் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார்,
யார் சொன்னது, நீ பார்த்தாயா, என்று.
இப்போது என் கட்டைவிரல்தான் ஆசிரியர்.
அன்றிரவு அதற்குக் குளிர்.

ஐந்தாவது ஸ்டோரி.
அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கதவை அறைந்தபடி
"ஆன்குத்" என்றார்.
அல்லது தகரக் கூரையில் மழை அப்படிச் சொன்னது.
தட்டினேன்:
காயமடைந்தவர்கள் ஆன்குத் மருத்துவமனைக்கு.
வட்டம் சுற்றியது. போய்விட்டது.

ஆன்குத் அல்ல, காஸ்த்ரோ என்று தெரிய
இருபத்தாறு நிமிடம் ஆனது.
பழையதை அழித்தேன். புதியதைப் போட்டேன்,
மஞ்சள் பட்டையில், பெரிய எழுத்தில், "திருத்தம்" என்று.

தவறைப் பார்த்தவர்கள்: பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது.
திருத்தத்தை: இரண்டாயிரத்து நூற்று ஏழு.
மற்றவர்கள் தூங்கப் போயிருக்கலாம்.
வண்டியைக் கிளப்பியிருக்கலாம்.

அழிக்குமுன் பட்டியலை விரலால் உருட்டியிருந்தேன்,
அது ஒரு கெட்ட பழக்கம்.
பேக்கரிக்காரி. பள்ளித்தோழன் ஒருவன்.
என் முன்னாள் கணவர், எப்போதும் போல் முதலில்.
பிறகு ஓவிதியோ ராயின்.
முகத்துக்குப் பதில் ஒரு மஞ்சள் படகு.
இரண்டாவது பட்டியலில்
அந்தப் படகு இல்லை.

அவர் மனைவி நெல்தா, மீன் அறுக்கும் வரிசையில், இரவுப் பணி.
ஆன்குத்துக்குப் போகிற சாலை
காஸ்த்ரோ வழியாகத்தான் போகிறது.
வைப்பர் அடிக்க அடிக்க
நெல்தா மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஊரின் விளக்குகளை
அவர் தாண்டிப் போனார்.
இன்னும் ஒன்றேகால் மணி நேரம் வடக்கே.
பிறகு அத்தனையும் திரும்பி.

நெல்தா பிழைத்துவிட்டாள். குரல்தான் கொஞ்சம் கட்டை.
கண் விழித்ததும் நர்ஸிடம் அவள் கேட்டதை
எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ரொட்டி வரிசையில் ஓவிதியோ.
மன்னிப்பை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், தொடங்கினேன்.
கையை அசைத்து நிறுத்தினார்.
"திருத்தினீங்களாமே, சொன்னாங்க.
நான் திரும்பப் பார்க்கலை.
நீங்கதான் சொல்லிட்டீங்களே,
அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?"
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் மொழியில்
வரலாற்றுக்கும் கதைக்கும் ஒரே சொல்.
இருபத்து நான்கு மணி நேரத்தில் கரைகிற இதற்கும்
அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.
மறுநாள் இரவு இரண்டு பதினெட்டுக்கு
விழித்திருந்து பார்த்தேன்:
முதலாவது போனது, பிறகு இரண்டாவது,
போட்ட வரிசையிலேயே, ஓசையில்லாமல்.
ஐந்தாவது மட்டும்
எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

போன வியாழன், மூடுபனி. ஒரு படகு திரும்பவில்லை.
ஆட்கள் கரையில், கேமரா என் கையில்.
பெயர்கள் நாலு திசையிலிருந்தும் வருகின்றன.
துறைமுக அலுவலகத்துக்கு அடிக்கிறேன்.
மணி போகிறது. யாரும் எடுக்கவில்லை.
மறுபடி அடிக்கிறேன்.

அதற்குள் பக்கத்தில் நின்ற கஸ்பார்,
இருபத்திரண்டு வயது, கெட்டிக்காரப் பையன்,
மூன்று பெயரோடு பகிர்ந்துவிட்டான்.

மணி போய்க்கொண்டே இருக்கிறது.
இன்னொரு கையில், என்னையறியாமல்,
அவனுடைய வட்டத்தைத் தட்டித் திறந்திருக்கிறேன்.
பார்த்தவர்களில்
நானும்.